கவிழ்ந்த சுவருக்கு ஒரு ஜோடி ஷூ

காரைக்காலில் ஏறுவதற்கு ஒன்றும் கிடையாது. அரசலாற்றுப் பாலம்தான் எங்களுக்கு மேடு. ஆனாலும் நான் ஆறாம் வகுப்பு படித்தபோது எங்கள் பள்ளி மைதானத்தில், பிடித்து ஏறக் கலர் கலராகக் கட்டைகள் பதித்த பலகைச் சுவர் ஒன்று முளைத்தது. அதன் மேல்பாதி ஏறுபவரை நோக்கிக் கவிழ்ந்திருக்கும். அங்கே போனதும் என் கான்வாஸ் ஷூ வழுக்கும். அடுத்த நொடி கீழே மெத்தையில் கிடப்பேன். உச்சியைத் தொடுகிறவர்களுக்குத்தான் புதுச்சேரிப் போட்டி.

"கவுந்த சுவருக்கு நுனி வளைஞ்ச ஷூ வேணும். காலைக் கவ்விப் புடிக்கணும்" என்றார் பி.டி. சார்.

ஷார்ஜாவில் வேலை பார்த்த வாப்பா, கடைக்குள் நின்று வீடியோவில் அழைத்தார். கிளிமூக்கு மாதிரி வளைந்த ஷூவைத் தூக்கிக் காட்டினார்.

"கோணிப் போயிருக்கே, வேற பாருங்க" என்றார் உம்மா. "ரெண்டு சைஸ் கூடவே எடுங்க. வளர்ற புள்ள."

"வேணாம் வாப்பா, டைட்டா இருக்கணும். விரலு மடங்கணும்!"

"காசு குடுத்து நொண்டுறதுக்காடி?"

கடைக்காரர் சைஸ் நம்பர் கேட்டார். நாங்கள் வாய் திறப்பதற்குள், "எம்புள்ள காலு எனக்குத் தெரியாதா?" என்று வாப்பா போனை வைத்துவிட்டார்.

ஷார்ஜாவிலிருந்து ஊருக்கு வந்த பக்கத்து வீட்டுக்காரர் கொண்டுவந்து கொடுத்தார். ஷூவுக்குள் கால் பாதிதான் போனது. காலில் பிளாஸ்டிக் பையைச் சுற்றி, உம்மா தள்ள, நான் அலற, ஒருவழியாக நுழைத்தோம். பள்ளியில் வாத்து நடை நடந்து போனேன். சார் ஷூவின் நுனியை அழுத்திப் பார்த்தார்.

"இப்படித்தான் இருக்கணும். ஒங்க வாப்பா வெவரமான ஆளு!"

போட்டிக்கு ஆள் தேர்ந்தெடுத்த அன்று, சீக்கிரம் முடித்துக் கழற்றினால் போதும் என்று ஏறியதில், எல்லோருக்கும் முந்தி உச்சியைத் தொட்டுவிட்டேன். கண்ணில் நீர் வழிந்ததை ஆனந்தக் கண்ணீர் என்றார்கள். வாப்பாவுக்குப் பாறையேற்றம் அத்துப்படி என்று வகுப்பு முழுக்கப் பரப்பினேன்.

பெருநாளைக்கு வாப்பா விடுப்பில் வந்தார். அதற்கு முன்பு வந்துபோனது நான் நான்காம் வகுப்பில் இருந்தபோது. வாசலில் கிடந்த செருப்பைப் பார்த்ததும் நின்று, உம்மாவிடம் மெதுவாகக் கேட்டார்:

"வீட்டுக்கு யாரு வந்திருக்கா?"

"யாரும் வரலைங்க. ஒங்க மவ செருப்புதான் அது."

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். வாப்பா குனிந்து ஒரு செருப்பைக் கையிலெடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இவ்வளவு நல்ல வேடிக்கைக்கு அவர் ஏன் சிரிக்கவில்லை என்று எனக்கு விளங்கவில்லை.