இடது பக்கக் கைப்பிடிக்குக் கம்பியா, நூலா?

எரிந்த மோட்டாரைப் பிரித்தால் ஒரு வாடை வரும்... கருகின வார்னிஷும் எண்ணெயும் கலந்த வாடை.

இரணியலில் ஒரு மோட்டார் வைண்டிங் கடை வாசலில், அந்த வாடைக்குள் நானும் ஷாஜியும் அரை மணி நேரம் நின்றிருக்கிறோம். அப்போது பத்தாம் வகுப்பு. கழிவுச் செம்புக் கம்பி ஒரு பிடி வேண்டும். தலைமுடியை விடக் கொஞ்சம் தடிமனாக.

"எதுக்குலே மக்கா, மாலை கெட்டவா?" என்றார் கடைக்காரர்.

"கப்பலுக்குக் கைப்பிடி வைக்க" என்றான் ஷாஜி. அவர் சிரித்ததில் வெற்றிலை தெறித்தது.

பேப்பர் கப்பல்தான். ஆனால் மழைத்தண்ணீரில் விடுகிறது இல்லை. பிரவுசிங் சென்டரில் பிரிண்ட் எடுத்து, அட்டையில் ஒட்டி, வெட்டி மடித்துச் செய்கிற மாடல். ஷாஜியின் அப்பாவுக்கு கல்ஃபில் வேலை, கடலுக்குள் இருக்கிற எண்ணெய்க் கிணறுகளுக்குச் சாமான் கொண்டுபோகிற கப்பலில். அதே மாதிரிக் கப்பல்தான் செய்தோம். ரெண்டு வருஷம் கழித்து லீவில் வருகிறார். நல்லாயிருக்கு என்று அவர் வாயால் ஒரு "கொள்ளாம்" கேட்க வேண்டும். ஷாஜிக்கு அவ்வளவுதான் வேண்டும்.

மற்றதெல்லாம் காகிதத்தில் முடிந்தது. மேல்தளத்தின் ஓரத்தைச் சுற்றி வருகிற கைப்பிடியில் மாட்டிக்கொண்டோம். செய்முறை ஏதோ தெரியாத பாஷையில் இருந்தது. புரிந்தது 0.3 என்ற எண் மட்டும். எதில் 0.3? மில்லிமீட்டரிலா, இன்ச்சிலா?

தையல் நூல் போட்டோம். பிசிறு பிசிறாக நின்றது, மழை ஈரத்தில் தொய்ந்தது. மெழுகுவர்த்தியில் உரசி இழுத்தால் பிசிறு அடங்கும், தொய்வு போகாது. மணவாளக்குறிச்சியில் அவன் வீட்டுப் பக்கத்திலிருந்து தூண்டில் நரம்பு கொண்டுவந்தான். மெலிசு, அழகு. ஆனால் பசை பிடிக்கவில்லை, முடிச்சும் அவிழ்ந்தது. துடைப்ப ஈர்க்கு கொடிமரத்துக்கு உதவியது. கைப்பிடிக்கு வைத்தால் கப்பல் மாட்டுத் தொழுவம் மாதிரி ஆனது.

கடைசியில்தான் இந்தச் செம்புக் கம்பி. ஒரு முனையை ஜன்னலில் சுற்றி, மறுமுனையைக் குறட்டால் பிடித்து ஒரே இழுப்பு... கம்பி நேராகிவிடும். நகவெட்டியால் துண்டு போட்டு, ஒட்டி, வெள்ளை அடிக்க நாலு நாள்.

அப்பா வந்த மறுநாள் காலை மேசையில் வைத்தோம். குனிந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"கொள்ளாம்லே மக்கா."

ஷாஜியின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்...

அப்புறம் இடது பக்கம், பின்னால், ஒரு விரல் நீள இடத்தைத் தொட்டார். "எங்க கப்பல்ல இங்க மட்டும் கம்பி கிடையாது. ஒடிஞ்சு நாளாச்சு, கயிறுதான் கெட்டியிருக்கு. இத வெட்டிட்டு நூலு கெட்டு."

"செரியாக்க மாட்டாவளா?" என்று நான் கேட்டேன்.

"கப்பலு நின்னால்லா செரியாக்க முடியும். அது எங்க நிக்கி?"

ஷாஜி உடனே நகவெட்டியால் வெட்டிவிட்டான். அப்போதுதான் அவன் அம்மா சாயாவோடு வாசலில் நிற்பது தெரிந்தது.

"கயிறா? நடுக்கடல்ல கயிறப் பிடிச்சிட்டா நிக்குதிய?"

அப்பா சட்டென்று சிரித்தார். "இல்லட்டி, அது பழைய கப்பலு. இது புதுசுல்லா." எங்களைப் பார்த்து, "கம்பியே வச்சிருங்கலே" என்றார்.

கயிறா, கம்பியா? பழைய கப்பலா, இதே கப்பலா? எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஷாஜி கம்பியும் வைக்கவில்லை, நூலும் கட்டவில்லை. அந்த ஒரு விரல் ஓட்டையோடு கப்பல் ஷோகேஸில் ஏறியது.

எங்கள் பக்கம் கல்ஃப் காசில் எழும்பின வீட்டு மாடிக்கெல்லாம் பளபளவென்று ஸ்டீல் கைப்பிடி. புது வீட்டுப் பால்காய்ச்சுக்கு வருகிறவர்கள் தட்டிப் பார்த்து விலை கேட்பார்கள். காசு அனுப்பினவன் எதைப் பிடித்துக்கொண்டு நின்றான் என்று ஒருத்தனும் கேட்க மாட்டான். நானும் எந்த வீட்டிலும் கேட்டதில்லை. ஆனாலும் ஆத்திரம் வருகிறது.

இப்போது ஷாஜியின் அப்பா முட்டுவலியோடு வீட்டில். ஷாஜி கப்பலில். போன மாதம் அவன் அம்மா கேட்டார்கள், "மக்கா, அவனுக்க கப்பலையும் ஒண்ணு செஞ்சு தருவியா?"

இப்போது எல்லாம் கிடைக்கிறது. லேசரில் வெட்டின கைப்பிடி பார்சலில் வீட்டுக்கே வந்துவிட்டது. 0.3 எதில் என்ற குழப்பமே இல்லை.

ஷாஜியிடம் போட்டோ கேட்டேன். இருபது அனுப்பினான். முன்பக்கம், வலது பக்கம், புகைபோக்கி, சாப்பாட்டு மேசை கூட. இடது பக்கம் பின்னால் மட்டும் இல்லை.

"அத அனுப்பலியே லே?"

நீல டிக் விழுந்தது. ரொம்ப நேரம் டைப் செய்துகொண்டே இருந்தான். கடைசியில் வந்தது இதுதான்: "அம்மைக்குத்தானே... கம்பியே வை."

நாளைக்குப் பூசை முடிந்து அவன் அம்மா வாங்கிப்போக வருவார்கள். கப்பல் முடிந்துவிட்டது, ஒரு விரல் இடம் தவிர. மேசையில் லேசர் கம்பி இருக்கிறது, மெழுகு போட்ட நூலும் இருக்கிறது. எதை எடுக்க என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கிறேன்... தொட்டு வைத்த பசை காய்ந்துகொண்டிருக்கிறது.