கால்மாடு என் பக்கம்

பெரியப்பா இருந்தார். திருமங்கலத்தில் மளிகைக் கடை வைத்திருந்த சித்தப்பா அன்றைக்கென்று வண்டி கட்டி வந்திருந்தார். பெரியாம்பிளை இருந்தார். ஊர் வழக்கைத் தீர்க்கிறவர் அவர்தான். பங்காளி வீட்டு ஆண்கள், ஊர் கூடிப் பேசும் மந்தையில் வேப்பமரத்தைச் சுற்றிக் குத்தவைத்திருந்தார்கள். சீயான் கயிற்றுக் கட்டிலில் கிடந்தார். அப்பாவைப் பெற்றவரை எங்கள் பக்கம் சீயான் என்போம். கட்டிலின் தலைமாட்டில் அம்மா நின்றாள். கால்மாட்டில் நான்.

அப்பா இல்லை. அவர் கண்டியில் தேயிலைத் தோட்டத்தில் இருந்தார்.

எங்கள் ஊர் கீழக்குயில்குடிக்கு மேற்கே. சீயானுக்கு வாதம் அடித்து வலப்பக்கம் விழுந்துபோனது. பேச்சும் போனது. மூன்று மகன்களும் மாதம் ஒரு வீடு என்று மந்தையில் பேசி முறை வைத்துக்கொண்டார்கள். இரண்டு சுற்று நடந்தது. அப்புறம் பெரியம்மாவுக்கு இடுப்பு வலி வந்தது. சித்தப்பா வீட்டில் இடம் போதாமல் போனது. கட்டில் எங்கள் வீட்டிலேயே நின்றுவிட்டது. சோற்றுக்கு நெல் மட்டும் இரண்டு வீட்டிலிருந்தும் சரியாக வந்தது. அதில் குறை சொல்ல முடியாது.

சீயான் ஒல்லிதான். ஆனால் தன் உடம்பைத் தானே தாங்காத ஆள் கனப்பார். வெளிக்குக் கொண்டுபோக வேண்டும். குளிப்பாட்ட வேண்டும். முதுகில் புண் வராமல் புரட்டிப் போட வேண்டும். அம்மா அக்குளில் கை கொடுத்துத் தூக்குவாள். நான் காலைப் பிடிப்பேன். எனக்குப் பத்து வயது இருக்கும். தெருப் பிள்ளைகள் பாண்டி ஆடக் கூப்பிட்டுப் பார்த்தார்கள். பிறகு கூப்பிடுவதை விட்டுவிட்டார்கள்.

ஒருநாள் ஈரத்தில் வழுக்கி அம்மா அவரோடு விழுந்தாள். அவர் மேலே, அம்மா கீழே. அம்மா கத்தவில்லை. யாரையாவது கூட்டி வா என்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் இரண்டு பேரும் அப்படியே கிடந்தார்கள். பிறகு நான் இழுத்தேன். அம்மாவுக்கு மணிக்கட்டு வீங்கிவிட்டது.

மறுநாள் பெரியப்பாவிடம் போய், தூக்க ஒரு ஆள் வேண்டும் என்று கேட்டாள். முறை பேசியது மந்தையில், ஆள் வேண்டுமென்றாலும் அங்கேதான் கேட்க வேண்டும் என்றார். மந்தையில் பெண்பிள்ளை பேசக் கூடாது. வீட்டு ஆம்பிளைதான் வர வேண்டும். அது வழக்கம். கண்டியிலிருந்து அவன் வரட்டும், பார்ப்போம் என்று முடித்துவிட்டார்.

மந்தையில் பங்காளிகள் கூட்டம் கூடிய அன்று அம்மா சீயான் காதருகே குனிந்து என்னவோ கேட்டாள். அவர் நல்ல கையால் அவள் விரலைப் பிடித்துக்கொண்டார். தண்ணீர் கேட்கிறார் என்று நினைத்து நான் செம்பை எடுத்து வந்தேன். அம்மா செம்பை வாங்கி வைத்துவிட்டு, கால்மாட்டைப் பிடி என்றாள்.

கட்டிலோடு தூக்கிப் போனோம். என் பக்கம் தாழ்ந்து தாழ்ந்து தரை தட்டியது. மந்தைவரை புழுதியில் இரண்டு கோடு.

"என்னாத்தா இது?" என்றார் பெரியாம்பிளை.

"வீட்டு ஆம்பள வரணும்னாக. கூட்டியாந்திருக்கேன்."

சிலர் சிரித்தார்கள். பெரியப்பா சிரிக்கவில்லை. சோறு போடத்தான் முறை, தூக்குவதற்கு எந்த ஊரில் முறை வைத்தார்கள் என்று கேட்டார். சித்தப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "கண்டிக்கு ஒரு கடுதாசி போடுவோம். அண்ணனோட கைய மட்டும் கப்பல்ல ஏத்தி அனுப்பட்டும்," என்றார். அதற்கும் சிரிப்பு.

சிரிப்பு அடங்கும்வரை அம்மா நின்றாள்.

"செத்தா தூக்க நாலு பேரு வருவீக. வர வேணாம்னு சொல்லல. உசுரோட இருக்கையில தூக்க ஒரு ஆளு குடுங்க. காலையில ஒருக்கா, பொழுது சாய ஒருக்கா. அம்புட்டுத்தான்."

சீயானின் ஒரு கண்ணிலிருந்து தண்ணீர் வடிந்தது. ஊர் நடுவில் வைத்து அவரை அம்மா அழவைத்துவிட்டாள் என்று எனக்குக் கோபம். அன்று முழுக்க அவளோடு நான் பேசவில்லை.

பெரியாம்பிளை வெற்றிலையைத் துப்பிவிட்டு, ஒரு நாளைக்கு ஒரு வீடு, வீட்டுக்கு ஒரு ஆள் என்றார். திரும்பும்போது கட்டிலை ஆண்கள் தூக்கினார்கள். நான் பின்னால் நடந்தேன். கையை என்ன செய்வதென்று தெரியவில்லை.

ஆடி முழுக்க ஆள் வந்தது. பிறகு உழவு வந்தது. ஒருவர் வீட்டில் மாடு ஈன்றது. ஒருவருக்குப் பழங்காநத்தத்தில் கொத்து வேலை கிடைத்தது. சித்தப்பா கடையிலிருந்து அனுப்பிய ஆளும் நின்றுபோனான். அம்மா மறுபடி மந்தைக்குப் போய்க் கேட்டாள். இந்தத் தடவை பெண்பிள்ளை பேசுகிறாள் என்று யாரும் தடுக்கவில்லை. மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். இரண்டு நாள் ஆள் வந்தது. ஐப்பசி மழைக்குள் தலைமாட்டில் அம்மா, கால்மாட்டில் நான்.

தை பிறந்து சீயான் இறந்தார். கொட்டுச் சத்தம் கேட்டதும் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். அறுப்பை விட்டு வந்தார்கள், கடையைப் பூட்டி வந்தார்கள். பாடை மூங்கிலில் தோள் வைக்க இடம் போதவில்லை. தெரு முனைக்குள் மூன்று தடவை ஆள் மாறினார்கள். மாடு ஈன்ற வீட்டுக்காரர் இருந்தார். கொத்து வேலைக்குப் போனவர் இருந்தார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அம்மா கேட்டது கிடைத்துவிட்டது என்று நினைத்தேன்.

வாசலில் நின்று தோள் கொடுத்தவர்களை எண்ணினேன். எண்ணிக்கை மறப்பதற்குள் அம்மாவிடம் ஓடினேன். அவள் காலிக் கட்டிலின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். எத்தனை பேர் வந்தார்கள் தெரியுமா என்றேன். எத்தனை என்று அவள் கேட்கவில்லை. நானே சொன்னேன்.

"பதினேழு."