கொள்ளுப்பிட்டி வரை உறவு

கொழும்புக்கு வந்த மறுநாள், வெள்ளவத்தையில் ரயிலேறுகிறேன். முதல் வகுப்பில் வெள்ளைக்காரத் துரைமார் பேசாமல் பேப்பர் படிக்கிறார்கள். எங்கள் பெட்டியில் அது நடக்காது. எதிரே கோட்டும் வேட்டியுமாக ஒரு பெரியவர், மடியில் வடைப் பொட்டலம்.

“தம்பி எவடம்?”

“மானிப்பாய்.”

“மானிப்பாயிலை ஆற்றை மகன்?”

அப்பாவின் பெயரைச் சொல்கிறேன். கண்ணை மூடி, இரண்டு தலைமுறையை விரல்விட்டு எண்ணுகிறார். பம்பலப்பிட்டி வருகிறது.

“அட, நீர் எனக்கு மருமகன் முறையெல்லோ!”

ஒரு வடை என் கைக்கு வருகிறது. கடிக்கிறேன். கொள்ளுப்பிட்டியில் அவர் முகம் மாறுகிறது.

“அப்ப, பதினைஞ்சு வருஷத்துக்கு முந்தி என்ரை மூத்தவளின்ரை கலியாணத்துக்கு உங்கடை வீட்டிலை ஒருத்தரும் ஏன் வரேல்லை?”

“எனக்கு அப்ப ஆறு வயசு, மாமா.”

மாமா பொட்டலத்தைக் கட்டிக்கொண்டு கடல் பக்கம் திரும்பிவிடுகிறார்.

என் கையில் பாதி வடை. தின்பதா, திருப்பிக் கொடுப்பதா? கேட்க இந்த ஊரில் எனக்கு வேறு சொந்தம் இல்லை.