அம்மா பறித்த திராட்சை

ஞாயிற்றுக்கிழமை விமான் நகர் வீட்ல சும்மா உட்கார முடியாம, ஊருக்கு வெளியே ஒரு திராட்சைத் தோட்டத்துல அறுவடைக்கு உதவப் போனேன். அம்மாவும் கூடவே கிளம்பிட்டாங்க.

"இவ்வளவு பழமும் எதுக்குடா?"

"ஜூஸுக்கும்மா."

ஒயினுக்குன்னு சொல்லியிருந்தா காரை விட்டே இறங்கியிருக்க மாட்டாங்க.

என்னைவிட வேகமா குலை குலையா வெட்டினாங்க. கிளம்பும்போது தோட்டக்காரம்மா, "மாமி, நம்ம தோட்டத்துது"ன்னு மராத்தியில சொல்லி, லேபிள் ஒட்டாத ஒரு பாட்டிலை அம்மா கையில கொடுத்தாங்க. அம்மா அதையும் ஜூஸ்னே நம்பிட்டாங்க.

இப்ப அது பூஜை அலமாரியில, பிள்ளையார் முன்னாடி இருக்கு. தான் பாடுபட்டதாச்சே, முதல்ல சாமிக்குத்தானாம். நாளைக்கு பஜனைக்கு வர்ற மாமிங்களுக்கு ஆளுக்கு ஒரு ஸ்பூன் பிரசாதமாம்.

தண்ணி குடிக்கிற சாக்குல போய்ப் போய்ப் பார்த்தேன். அம்மா அந்த இடத்தை விட்டு நகரவே இல்லை.

அதே கலர்ல திராட்சை ஜூஸ் பக்கத்துல எங்க கிடைக்கும்? சீக்கிரம் சொல்லுங்க, இப்பதான் குளிக்கப் போயிருக்காங்க.