அம்மா வீட்டைப் பார்த்த கதை

கோடை லீவு விட்டதும் எங்கள் தெருப் பெண்பிள்ளைகள் எல்லோரும் அவரவர் அம்மா வீட்டுக்குக் கிளம்பிவிடுவார்கள். எதிர்வீட்டுக்காரிக்கு அனந்தபுரம், பக்கத்து வீட்டுக்காரிக்குப் பனமலை. திரும்பி வந்ததும் ஒருத்தி மாமா தோப்பில் மாங்காய் திருடிய கதையைச் சொல்வாள், இன்னொருத்தி வற்றிய ஏரியில் மீன் பிடித்த கதையைச் சொல்வாள். சொந்த மாமா தோப்பில் எதற்குத் திருட வேண்டும் என்று கேட்டால் எதிர்வீட்டுக்காரிக்குக் கோபம் வந்துவிடும். நான் மட்டும் லீவு முழுக்கச் செஞ்சியிலேயே கிடப்பேன். கோட்டை மலையின் பாறைகள் சூடேறி அனல் அடிக்கும், சாயங்காலம் வரை வெளியே தலைகாட்ட முடியாது.

அம்மா பிறந்த ஊர் நெய்வேலிப் பக்கம். நிலக்கரிச் சுரங்கத்துக்கு நிலம் எடுத்தபோது அந்த ஊரும் போய்விட்டது என்று வீட்டில் பேசிக்கொள்வார்கள். எங்கே போனது என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. அம்மாவைப் பெற்றவர்கள் இரண்டு பேரும் காலமாகிவிட்டார்கள். மிச்சம் இருந்தது ஒரே ஒரு மாமா. நிலம் கொடுத்த வகையில் சுரங்கத்திலேயே வேலை கிடைத்து, அங்கே குவார்ட்டர்ஸில் இருந்தார். வருஷத்துக்கு ஒருமுறை சாக்கில் ஒரு பலாப்பழத்தைக் கட்டிக்கொண்டு பஸ் ஏறி வருவார். அம்மா மட்டும் அந்தப் பக்கம் போகவே மாட்டாள். செஞ்சியில் கரண்ட் போகும்போதெல்லாம் மச்சான் தூங்கிவிட்டார் போல என்று நைனா அம்மாவைச் சீண்டுவார். அந்த ஒரு விஷயத்துக்கு மட்டும் அம்மா சிரித்து நான் பார்த்ததில்லை.

நான் நாலாவது முடித்த வருஷம், எதிர்வீட்டுக்காரி ஒரு புதுச் செய்தியோடு வந்தாள்.

"உங்கம்மா ஓடி வந்தவங்களாம். அதான் அம்மா வூட்டுக்குப் போக்குவரத்தே இல்லியாம். எங்கம்மா சொல்லிச்சி."

எனக்கு அது இழிவு என்றே தோன்றவில்லை. நெய்வேலியிலிருந்து செஞ்சி வரைக்கும் ஓடுவது லேசுப்பட்ட காரியமா என்றுதான் மலைத்துப் போனேன். அன்று மத்தியானம் சாப்பிடும்போது, நீ ஓடியாம்மா வந்தாய் என்று கேட்டேன். நைனாவுக்குப் புரையேறிவிட்டது. அம்மா யார் சொன்னது என்று மட்டும் கேட்டாள். சொன்னேன். அதற்குப் பிறகு அவள் சாப்பிடவில்லை. மறுவாரம், துணியை எடுத்து வை, ஊருக்குப் போகிறோம் என்றாள். நான் தெருவில் ஒரு வீடு விடாமல் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். அம்மா வீட்டைப் பார்த்துவிட்டு வந்து எதிர்வீட்டுக்காரியின் வாயை அடைத்தே தீர வேண்டும் என்பதுதான் அப்போது எனக்கு உலகத்திலேயே பெரிய விஷயம்.

விழுப்புரத்தில் பஸ் மாறி, முந்திரித் தோப்புகளைப் பார்த்துக்கொண்டே போய்ச் சேர்ந்தோம். மாமாவின் குவார்ட்டர்ஸ் எனக்குப் பெருத்த ஏமாற்றம். வரிசையாக ஒரே மாதிரி வீடுகள், எல்லாவற்றுக்கும் ஒரே நிறத்தில் கதவு. இது மாமா வீடு, எனக்கு அம்மா வீடுதான் வேண்டும் என்று அழுது ஆர்ப்பாட்டம் செய்தேன். மாமா அம்மாவைப் பார்த்தார். அவள் சரி என்று தலையாட்டினாள்.

காலையில் சுரங்கத்தின் ஓரம், கம்பி அடைத்த ஒரு மேட்டுக்கு மாமா எங்களைக் கூட்டிப்போனார். அவ்வளவு பெரிய பள்ளத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. சிவப்பும் மஞ்சளும் வெள்ளையுமாக மண் படிப்படியாக இறங்கிப் போனது. ஆழத்தில், அடியில், கறுப்பாக ஒரு பட்டை தெரிந்தது. அதுதான் கரி என்றார் மாமா. தூரத்தில் நீளமாக ஒரு மலை இருந்தது. நான் செஞ்சிக்காரி இல்லையா, அந்த மலைமேல் கோட்டை எங்கே என்று கேட்டேன். அது மலை இல்லை, தோண்டிக் கொட்டிய மண் என்றார் மாமா. அம்மாவின் ஊரும் அதற்குள் எங்கேயோதான் இருக்கிறதாம். அம்மா வீடு எங்கே என்று நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு பள்ளத்துக்குள் எட்டிப் பார்த்தேன். அம்மா என் முகவாயைப் பிடித்து நிமிர்த்தினாள்.

"கீழ இன்னாத்த தேடற? நேரா பாரு. பருந்து ஒண்ணு சுத்துது இல்ல, அந்த மட்டத்துலதான் நம்ம வூடு."

பார்த்தேன். ஆகாயமும் பருந்தும்தான் இருந்தன. அம்மா விளையாடுகிறாள் என்று நினைத்தேன். ஆனால் அவள் முகம் அப்படி இல்லை. மாமாதான் பேசினார்.

"நம்ம வூட்டு மண்ணு என் பெல்ட்டு மேலதான் போச்சி, பாப்பா. நான்தான் அன்னிக்கு டூட்டி."

மண்ணை அள்ளிக்கொண்டு போகும் அந்த நீளமான ரப்பர் பெல்ட்டைப் பார்த்துக்கொள்வதுதான் மாமாவின் வேலை. அம்மா அவரிடம் கிணறுமா என்று கேட்டாள். மாமா ஆமாம் என்றார். கிணறே ஒரு பள்ளம்தான், பள்ளத்தை எப்படிப் பெல்ட்டில் ஏற்ற முடியும் என்று எனக்குச் சந்தேகம் வந்தது. கேட்கலாம் என்று திரும்பினால் மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். கேட்காமல் விட்டுவிட்டேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்கு ஆத்திரம். இவ்வளவு தூரம் வந்தும் தெருவில் சொல்ல ஒரு செங்கல்கூடக் கிடைக்கவில்லையே என்று மனசு பொருமியது.

மறுநாள் சாயங்காலம் தெருக்குழாயடியில் தெருப் பெண்பிள்ளைகள் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். வேறு வழியில்லாமல் அளக்க ஆரம்பித்தேன். ஓட்டு வீடு, வாசலில் இரண்டு பலாமரம், கிழக்குப் பக்கம் கிணறு என்று பாடப்புத்தகத்துப் படத்தில் இருந்த வீட்டை அப்படியே தூக்கி நெய்வேலியில் வைத்தேன். எதிர்வீட்டுக்காரி நம்பவில்லை. அந்த ஊரே இப்போது கிடையாதாமே என்றாள். இன்னும் ஒரு கேள்வி கேட்டிருந்தால் அழுதிருப்பேன். அப்போது குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த அம்மா இந்தப் பக்கம் திரும்பினாள்.

"கெணறு கெழக்கால இல்லடி, வடக்கால இருக்குது. பின்கதவத் தொறந்தா ஏழே அடி. பலாவும் ரெண்டு இல்ல, மூணு. மூணாவது காய்க்காது, ஊஞ்சல் கட்டறதுக்குத்தான் அது."

அதோடு நிறுத்தவில்லை. மாட்டுக்கொட்டகைப் பக்கம் போனால் கறுப்புக் கன்றுக்குட்டி பாவாடையைச் சப்பும் என்றாள். மழை பெய்தால் கூடத்தில் ஓர் ஓடு ஒழுகும், அதற்கு அடியில் எப்போதும் ஒரு பித்தளை அண்டா இருக்கும் என்றாள். வரிசையில் நின்ற பெண்கள் குடத்தை வைத்துவிட்டுக் கேட்டார்கள். எதிர்வீட்டுக்காரிக்கு வாயடைத்துப்போய்விட்டது. கடைசியில், அடுத்த லீவுக்கு நானும் வரட்டுமா அத்தை என்றாள்.

"வாயேன்," என்றாள் அம்மா. "பலாப்பழம் பழுக்கற நேரமாப் பாத்து வா."

எனக்கு வானத்தில் பறப்பதுபோல் இருந்தது. பொய் சொன்னால் வாயில் சூடு போடுவேன் என்கிற அம்மா, எனக்காக இவ்வளவு பேருக்கு நடுவில் கண் இமைக்காமல் புளுகியிருக்கிறாள். அவள்மேல் அன்றைக்கு வந்த பாசம் அதுவரை வந்ததில்லை. வீட்டுக்கு நடக்கும்போது இடுப்பில் குடத்தோடு போனவளின் முந்தானையை இழுத்து, சூப்பராகப் பொய் சொன்னாய் அம்மா என்றேன்.

அம்மா நின்று என்னைப் பார்த்தாள்.

"இன்னா பொய்?" என்றாள்.

கடைசிவரை விட்டுக்கொடுக்காமல் நடிக்கிறாள் என்று நினைத்து, நான் வீடு வருகிறவரை சிரித்துக்கொண்டே வந்தேன்.