பாதரச ஒளி மங்கிய சனிக்கிழமை

பாதரச ஆவியின் மேல் புற ஊதா ஒளி பட்டால் அதன் அணுக்கள் கிளர்ந்து, வாங்கிய ஒளியைத் திருப்பி வீசும். இடையில் வேறு வாயு புகுந்து அவற்றை முட்டினால் அந்த ஒளி மங்கிவிடும். ஹட்டன் பஸ்ஸில் நாலாபக்கமும் இடிபடுகிறவனுக்குப் பாட்டு வருமா? அந்தக் கணக்குத்தான். எவ்வளவு வாயுவுக்கு எவ்வளவு மங்குகிறது என்று அளப்பதே என் முதுகலை ஆய்வு. வாரநாட்களில் நான் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் பௌதிகவியல் வாத்தியார். சனிக்கிழமைகளில் அதே பள்ளி ஆய்வுகூடத்தில் விஞ்ஞானி. இரண்டு வேடத்துக்கும் ஒரே கிழிந்த ஸ்வெட்டர்.

அன்று விடாத மழை. ஏழு மாதக் கர்ப்பிணியான என் மனைவியும் கூட வந்திருந்தாள். வீட்டைவிட அங்கே கதகதப்பு. பாதரசக் குப்பியைச் சூடாக்கும் ஹீட்டரின் பக்கத்திலேயே நாற்காலி போட்டு அவளை உட்காரவைத்த மேதை நானேதான். குளிருக்குப் பயந்து ஜன்னல்களையும் அடைத்தேன்.

அவள் ஒளியை அளக்கும் மீட்டரைப் பார்த்துச் சொல்ல, நான் எழுதினேன்.

"எம்பது... எழுவத்திரெண்டு... அறுவது..."

"அடி சக்கை! என்னா எறக்கம் பாரு!"

"நாப்பத்தஞ்சு. ஏங்க, கேஸ் குழாய எப்ப தெறந்தீங்க? எழுத ஒக்காந்ததுல இருந்து நோட்ட விட்டு நீங்க எந்திரிக்கவே இல்லையே."

பேனா நின்றது. திறக்கத்தான் இருந்தேன், எண்கள் இறங்கிய அழகில் மறந்தேபோனேன். அப்படியானால் உள்ளே போயிருப்பது வெளிக்காற்று. குப்பி கீறல் விட்டிருக்கிறது. சூடான பாதரசம், அடைத்த அறை, பக்கத்தில் அவள்.

ஹீட்டரை முதலில் அணைத்தேனா, அவளை முதலில் இழுத்தேனா, நினைவில்லை. கொட்டும் மழையில் மைதானத்தில் நின்றோம். "என்னாங்க ஆச்சு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். பாதரசத்தின் நஞ்சைப் பற்றி ஒரு பாடவேளை முழுக்கப் பேசுகிற வாத்தியார், அவள் கையைப் பிடித்து ஆஸ்பத்திரிக்கு வண்டி பிடிக்க ரோட்டுக்கு இழுத்துப்போனேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர், "எவ்வளவு நேரம் அந்தக் காத்த சுவாசிச்சாங்க?" என்று கேட்டார்.

"கொஞ்ச நேரந்தாங்க."

"பதினோரு நிமிஷம் டாக்டர்," என்றாள் அவள். "இவரு நேரம் போட்டுத்தான் எழுதுனாரு."

உண்மைதான். தன் பிள்ளைக்கு வந்த ஆபத்தை நிமிடவாரியாக, அழகான கையெழுத்தில் குறித்துவைத்த தகப்பன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

குழந்தையின் இதயம் சரியாகத் துடிக்கிறது என்றார்கள். அவள் ரத்தம் மட்டும் பரிசோதனைக்குக் கொழும்புக்குப் போனது. அவள் இருமினால் எழுந்து நின்றேன். அவள் தூங்கினால் வயிற்றையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். ஒரு பகடிகூட வாயில் வரவில்லை. ஐந்தாம் நாள் அவளே, "பாதரசத்த விட, நீங்க இப்புடி பேசாம இருக்கிறதுதாங்க பயமா இருக்கு," என்றாள்.

ஒன்பதாம் நாள் டாக்டர் கொழும்பிலிருந்து வந்த தாளைப் பார்த்துவிட்டு, பயப்பட ஒன்றுமில்லை என்றார். இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். சொன்னார். மூன்றாவது தடவை கேட்க வாயெடுத்தபோது அவள் என் காலை மிதித்தாள்.