தக்கைப்பூண்டுக்கு வந்த மரியாதை

தையல்காரர் கடையைச் சாத்திவிட்டு விவசாயத்துக்கு வந்தபோது யாரும் ஆச்சரியப்படவில்லை. நல்ல துணியைக் கண்டால் கத்தரி வைக்க அவருக்கு மனசே வராது. மேசையில் விரிப்பார், தடவிப் பார்ப்பார், மடித்து வைத்துவிடுவார். கல்யாணத்துக்குத் தைக்கக் கொடுத்த சட்டையைக் குழந்தை பிறந்தபிறகு வாங்கிப்போனவர்கள் உண்டு. அந்தக் கடை அத்தனை வருஷம் ஓடியதே பெரிய விஷயம்.

நிலம் மனைவியுடையது, அவள் அப்பா கொடுத்தது. முதல் போகத்திலேயே யூரியா தூவிய கையால் இவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு, ஒற்றைக் கண்ணோடு அலைந்து, இனி ரசாயனத்தைத் தொடுவதில்லை என்று சத்தியம் செய்துவிட்டார். கொள்கையெல்லாம் பிறகுதான் வந்தது. கொஞ்சம் சாணம் போட்டார், மீதியை மண் பார்த்துக்கொள்ளும் என்று விட்டார். மண் பார்க்கவில்லை. அக்கம்பக்கமெல்லாம் பச்சை, நடுவில் இவர் வயல் மட்டும் காமாலை கண்டதுபோல நின்றது. வேளாண் அலுவலகத்துப் பெண் இலையைப் பார்த்ததுமே, தழைச்சத்து இல்லாமல் பயிர் பட்டினி கிடக்கிறது என்று சொல்லிவிட்டாள்.

இதற்காகவே காத்திருந்த மச்சினன், நிலத்தைத் தனக்குக் குத்தகைக்கு விடச்சொல்லி அக்காவை நச்சரித்தான். அவள் கணவரிடம் கறாராகச் சொல்லிவிட்டாள். அடுத்த போகமும் சோடை போனால் நிலம் தம்பி கைக்குப் போகும், இவர் மறுபடி மெஷின் மிதிக்கலாம். தையல்காரருக்குத் தூக்கம் போயிற்று.

அலுவலகத்துப் பெண் சொன்னபடி தக்கைப்பூண்டு விதைத்தார். நெல் நடுவதற்கு முன்னால் வயலில் வளர்க்கிற செடி அது. காற்றிலிருக்கிற சத்தை இழுத்து வேர் முடிச்சில் சேர்த்துவைக்கும். பூக்கும் முன் அப்படியே மடக்கி உழுதுவிட வேண்டும், தண்டு முற்றினால் சீக்கிரம் மக்காது. இதை அவள் திரும்பத் திரும்பச் சொன்னாள், இவரும் நன்றாகத் தலையாட்டினார்.

வந்தது வினை. அவர் கைபட்டு எதுவும் இப்படி வளர்ந்ததில்லை. இடுப்பளவு வந்தது, மார்பளவு வந்தது, தலையையும் தாண்டியது. போகிறவர்கள் வண்டியை நிறுத்திப் பார்த்தார்கள். என்ன பயிர் இது, இவ்வளவு செழிப்பாக இருக்கிறதே என்று யாரோ கேட்டதும் மனிதருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அன்றிலிருந்து காலையில் இஞ்ச் டேப்போடு போய் உயரம் எடுக்க ஆரம்பித்தார்.

டிராக்டர்காரன் வந்தான். ஈரம் போதாது என்று திருப்பி அனுப்பினார். மறுபடி வந்தபோது ஈரம் அதிகம் என்றார். அதற்கடுத்த முறை அவன் டயரில் குற்றம் கண்டுபிடித்தார். செடியில் மொட்டு தெரிய ஆரம்பித்தது.

விஷயம் தெரிந்து மனைவியே வயலுக்கு வந்தாள்.

"ஏங்க, இதைப் பொங்கிச் சாப்பிட முடியுமா?"

"பூத்தா ரொம்ப அழகா இருக்கும்" என்றார். சொன்னபிறகுதான் அது எவ்வளவு அசட்டுத்தனம் என்று அவருக்கே உறைத்தது.

அவள் கத்தியிருந்தால் தேவலை. கத்தவில்லை. "எங்க அப்பா குடுத்த நிலத்தைக் கைநழுவ விட்டுட்டு, நான் இந்தப் பக்கம் எப்படிங்க நடப்பேன்?" என்று மட்டும் கேட்டாள்.

அன்றைக்கே டிராக்டரை அவரே கூட்டிவந்தார். உழுது முடிக்கிறவரை வயலுக்கு முதுகைக் காட்டியபடி நின்றார். பிறகு தேங்கிய தண்ணீரில் செடி அழுகி நாறியது. ஊரே மூக்கைப் பொத்திக்கொண்டு போக, இவர் மட்டும் துக்கம் விசாரிக்கப் போகிறவர் மாதிரி தினமும் போய்வந்தார்.

அதில் நட்ட நெல், நட்ட வேகத்தில் கரும்பச்சையாகக் கிளம்பியது. கதிர் வந்து தலை சாய்ந்தபோது மச்சினன் வரப்பில் வந்து நின்றான். ஒரு கதிரை உருவிக் கையில் வைத்து எடை பார்த்தான். குத்தகைப் பேச்சை எடுக்காமலே போய்விட்டான்.

அறுவடை இயந்திரம் வந்த காலையில் தையல்காரர் ஒரு சாக்கும் சொல்லவில்லை. நெல் முற்றிவிட்டது, சீக்கிரம் இறக்கு என்று ஓட்டுநரை அவர்தான் விரட்டினார். மனைவிதான் கையை நீட்டித் தடுத்தாள்.

"ஏம்மா, ஈரமா இருக்கா?" என்றான் ஓட்டுநர்.

"ஈரமெல்லாம் இல்ல. இன்னும் கொஞ்ச நேரம் கண்ணாரப் பாத்துக்கறேன்."

ஓட்டுநர் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு இயந்திரத்தை அணைத்தான். தையல்காரர் வரப்பில் அவளுக்கு இடம்விட்டு உட்கார்ந்தார்.